தலைவரின் கட்டைவிரல்

எங்கள் மரவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கும் தூரிட், கார் ஏற்றும் படகில் முப்பது வருடம் கயிறு இழுத்தவள். அலைக்கும் பயந்ததில்லை, கேப்டனுக்கும் பயந்ததில்லை. அவளிடம் போய் வீட்டுச் சங்கத் தலைவன் எய்வின்ட், "உன் சன்னலுக்கும் சங்கத்து வெள்ளை பெயிண்ட்தான்" என்றான். கீழ் வீட்டில் இருக்கும் எனக்கு அப்போதே சிரிப்பு வந்தது.

"வெள்ளைன்னா வெள்ளை. ஆனா எந்த பெயிண்ட்டுன்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள்.

"ஆகஸ்ட் கடைசிக்குள்ள பூசாத சன்னலைக் கழட்டிட்டு பிளாஸ்டிக் சன்னல் வைக்கணும்னு கூட்டத்துல முடிவாயிருக்கு தூரிட்."

"கூட்டத்துல நான் கை தூக்கலயே!"

மே மாதச் சனிக்கிழமை, துக்நாட். எல்லா வீட்டாரும் கூடிக் கூலியில்லாமல் வேலை செய்து, பிறகு வாஃபிள் தின்னும் நாள். அன்று வராதவரை எங்கள் மழை ஊரான பெர்கனில் யாரும் மன்னிப்பதில்லை. எய்வின்ட் தூரிகையோடு ஏணியில் ஏறினான். மேலே சன்னல் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. உள்ளே கம்பளித் தொப்பியும் மேல்கோட்டுமாகத் தூரிட் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சன்னல் எங்க?"

"என் மடியில. நீ பாத்து இறங்கு, வாஃபிள் ஆறிடும்."

நான் இரண்டு வாஃபிளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் கத்தியைச் சன்னலின் கீழ்ச்சட்டத்தில் குத்தினாள். கேக்கில் இறங்குவது போல் இறங்கியது.

"மேல பாரு, பளபளன்னு இருக்கு. போன தடவை சங்கம் அடிச்சது. விரிசல்ல மழைத்தண்ணி உள்ள போயிடுச்சு, வெளிய வர வழியில்ல. மரம் உள்ளயே அழுகுது. ஆளிவிதை எண்ணெய் பெயிண்ட் அப்படியில்ல, மரத்துக்குள்ள இறங்கும். வயசானா வெளுக்கும், தோல் மாதிரி உரியாது. துணியில எண்ணெய் தொட்டுத் துடைச்சா மறுபடி தெளிஞ்சிடும்."

"காய எத்தனை நாளாகும்?"

"அதை மட்டும் கேக்காத."

அழுகியதை வெட்டி எறிந்துவிட்டு, வைரம் பாய்ந்த பைன் கட்டையைப் பொருத்தினாள். சூடு காட்டிய எண்ணெய் விட்டாள். அது ஊறியபின் மெல்லிசாக முதல் பூச்சு. சன்னல் ஓட்டைகளில் பிளாஸ்டிக் தாள் படபடத்தது.

"பிளாஸ்டிக் வேணாம்னவ பிளாஸ்டிக்குக்குள்ளயே குடியிருக்கா!" என்று எய்வின்ட் முற்றத்தில் நின்று கத்தினான்.

"இதை நாளைக்குக் கழட்டிடுவேன். உன் பிளாஸ்டிக் சன்னல் கெட்டா புதைக்கத்தான் முடியும்!"

ஜூலையில் ஒரு நாள் வெயில் வந்தது. வெயிலைக் கண்டால் எங்கள் ஊர்க்காரருக்கு மதி கெட்டுவிடும். துணி துவைப்பார்கள், கூரை ஏறுவார்கள், கடலில் குதிப்பார்கள். தூரிட்டும் தப்பவில்லை. சன்னல்களை முற்றத்தில் பரப்பி, மீதி இரண்டு பூச்சுக்கான பெயிண்ட்டையும் ஒரே மூச்சில் அப்பினாள். மேலே சுருங்கிப் பாலாடை கட்டியது, அடியில் ஈரம் அப்படியே நின்றது. மறுநாள் வழக்கமான மழை. அவள் எல்லாவற்றையும் சுரண்டினாள். எனக்கு அழுகையே வந்தது. அவளோ மறுபடி முதல் பூச்சிலிருந்து தொடங்கினாள், இம்முறை துடைத்தது போல மெல்லிசாக.

ஆகஸ்ட் கடைசி நாள், சன்னல்களை மாட்டிவிட்டு தன் வீட்டு வாசலில் கைகட்டி நின்றாள். எய்வின்ட் மாடியேறி உள்ளே வந்து, திறந்திருந்த சன்னலைப் பார்த்தான். வெள்ளை பளிச்சென்று இருந்தது. அவனுக்குச் சந்தேகம். கட்டைவிரலால் அழுத்தினான். மூன்றாம் பூச்சு இன்னும் காயவில்லை. சட்டத்தில் அவன் ரேகை முழுசாகப் பதிந்துவிட்டது.

"ஈரமா இருக்கே! இதைப் பூசினதா எப்படிச் சொல்றது?"

"சொல்லாத. கூட்டத்துல எழுந்து நின்னு, தூரிட் சன்னலுக்குப் பூசவே இல்லன்னு சொல்லு. சொல்லும்போது அந்த விரலைத் தூக்கிக் காட்டு."

அவன் தன் வெள்ளை விரலைப் பார்த்தான். துணி கேட்டான்.

"தரமாட்டேன்" என்று தூரிட் அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.