அக்காவும் மாமாவின் கேமராவும்

இந்தக் கேமரா திண்டிவனத்து அக்கா வீட்டிலிருந்து விழுப்புரத்துக்கு என்னிடம் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, இறந்த பிறகு, "பொட்டியில கெடந்து பூஞ்சை புடிக்குது, நீயாவது வச்சிக்கோடா" என்று அக்காதான் கொடுத்தாள். கைக்குள் அடங்குகிற பழைய பிலிம் கேமரா.

அதில் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் ஆளின் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டு முகமும் ஒன்றாக ஒட்டியதும் அமுக்கினால் படம் தெளிவாக விழும். அதிகம் படிக்காத எனக்கு இதைப் பழகச் சில சுருள்கள் வீணாயின. ஆனால் முகம் ஒட்டுகிற அந்த நேரம் கற்பூரம் காட்டும்போது சாமி முகம் தெரிகிற மாதிரி இருக்கும்.

சென்ற ஆயுத பூஜை முடிந்த வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. நெஞ்சில் ஆபரேஷன், நாளைக்கு ஆஸ்பத்திரியில் சேருகிறாள்.

"மாமா கேமராவ எடுத்துக்கினு வாடா. ஒரு படம் எடுத்துடு."

"எதுக்குக்கா இப்போ?"

"திரும்பி வரலைன்னா மாட்டறதுக்கு ஒரு படம் வேணாமா? போன்ல எடுத்ததெல்லாம் எம் மூஞ்சி மாதிரியே இல்ல."

போனை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டேன். திருவாமாத்தூர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து, விபூதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா வெள்ளைப் புடவை கட்டி, கூடத்து நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவள் மருமகள் பக்கத்தில் நின்றாள். கண்ணை வைத்தேன். மஞ்சள் கட்டத்தைக் காணோம். வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே முகம்தான். வெளிச்சம் குறைந்த கூடம்; தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்து எடுத்தால் முகம் மங்கிவிடும். மாமாவின் பொருளை நான் கெடுத்துவிட்டேன், அதுவும் இன்றைக்குப் பார்த்து! உதறிப் பார்த்தேன்.

"என்னாடா, சாமி வந்தவன் மாதிரி ஆட்டிக்கினு இருக்க?"

"உள்ள ஏதோ போயிடுச்சிக்கா. பேஜாராப் போச்சி."

"இப்படிக் குடு." வாங்கி முன்பக்கம் திருப்பிப் பார்த்தவள், மருமகளைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள். "டேய், இந்தக் குட்டி ஜன்னலுக்கு யாருடா பொட்டு வச்சது?"

வேறு யார்? என் வீட்டுக்காரிதான். பூஜையன்று தையல் மிஷின், மிக்ஸி, வண்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தவள், கேமராவுக்கு நெற்றி எது என்று தேடி, லென்ஸுக்கு மேலிருந்த அந்தக் குட்டிக் கண்ணாடியில் அழுத்தி வைத்திருக்கிறாள். இரண்டாவது முகம் அது வழியாகத்தான் வர வேண்டும். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்த்தேன். "கீழ போட்டுடாத, சாமிக்கு வச்சது" என்று அக்கா கையை நீட்டி வாங்கி, துளித் தண்ணீர் தொட்டுக் குழைத்துத் தன் நெஞ்சில் தடவிக்கொண்டாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

கட்டம் வந்தது. அதற்குள் இரண்டு அக்கா. திருப்பினேன். ஒன்றானாள்.

"ஜல்தி எட்றா, சிரிச்சிக்கினே எவ்ளோ நேரம் ஒக்கார்றது?"

ஆண்டவன் கைவிடவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சென்னையில் கழுவக் கொடுத்த படம் வந்தபோது அக்கா வீடு திரும்பிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். படத்தை எட்ட வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"மூஞ்சி நல்லாத்தான் விழுந்திருக்கு. ஏன்டா, பொடவ மடிப்பு இப்படிக் கோணிக்கினு கெடக்குதே, சொல்லக் கூடாதா? இத எவன் மாட்டுவான்? ஒடம்பு தேறட்டும், வேற எடுக்கலாம்."

"சரிக்கா" என்றேன்.