பொனிபஸின் மஸ்டாங் விற்பனைக்கு

மன்னாரிலிருந்து மனைவி அஞ்சலீனாவும் மகள் டில்ஷாவும் மெல்பேர்ன் வந்திறங்கி மூன்றாம் மாதம், பொனிபஸ் தன் மஸ்டாங் காரை விற்பதென்று முடிவெடுத்தார். யாரும் அவரை விற்கச் சொல்லவில்லை.

"நிண்டால் நிக்கட்டும். உங்கட ஆசைக்கு வாங்கினதுதானே" என்றாள் அஞ்சலீனா.

"ரெண்டு கதவுக் கார். பின்னுக்கு ஏறி இறங்க உம்மட முழங்கால் விடாது. நீரும் ஓடிப் பழகக்கூடிய ஒண்டு வாங்குவம்."

1967ஆம் ஆண்டு அமெரிக்கக் கார் அது. கடும் நீலம். கிரெய்கிபர்னில் அவர்கள் இருக்கும் தெருவில் அது உறுமிக்கொண்டு வெளிக்கிட்டால் எதிர்வீட்டு நாய் எழும்பி நின்று பார்க்கும்.

பொனிபஸ் அகதியாகப் படகில் வந்தவர். 2012இல் புறப்பட்டபோது டில்ஷாவுக்கு இரண்டு வயது. பிறகு பதினொரு வருடம் தற்காலிக விசா. குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது, போய்ப் பார்த்துவிட்டு வரவும் முடியாது. கராஜ் ஒன்றில் மெக்கானிக்காக வேலை செய்தார். 2023இல்தான் நிரந்தர விசா கிடைத்தது. இவர்கள் வந்து சேர இன்னும் இரண்டு வருடம் எடுத்தது.

போனில் ஓயாமல் கதைத்த மகள் நேரில் அமைதியாகிவிட்டாள். "பள்ளிக்கூடம் எப்பிடி?" என்றால் "நல்லம்" என்பாள். அதோடு சரி. பதினைந்து வயதுப் பிள்ளையை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்றுகூட அவருக்குத் தடுமாற்றமாக இருந்தது.

விளம்பரம் எழுத அவளுடைய ஆங்கிலம் தேவைப்பட்டது. ஒரு சனிக்கிழமை காலை மடிக்கணினியோடு கார் நிற்கும் வீட்டுக் கராஜுக்குள் வந்து உட்கார்ந்தாள். மற்றவர்களின் விளம்பரங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"என்னென்ன மாத்தினது, எப்ப மாத்தினது எண்டு எல்லாரும் போட்டிருக்கினம். சொல்லுங்கோ."

அவர் எஞ்சினை மூடியிருந்த பொனெற்றைத் திறந்தார். வடக்கே ஒரு பண்ணையில், கோழிகள் அடைந்த கொட்டிலுக்குள் கிடந்த காரை 2015இல் இழுத்து வந்த கதையைச் சொன்னார். எஞ்சின் அப்போது இறுகிப்போய்க் கிடந்ததாம்.

"சிலிண்டர் ஹெட் ரெண்டும் புதுசு, அலுமினியம். பதினேழாம் ஆண்டு மே மாதம் பூட்டினது."

"மாதம் எப்பிடி ஞாபகம்?"

"அண்டைக்கு மாதா கோயில்ல உங்களுக்கு முதல் நன்மை. வெள்ளை உடுப்போட நிண்ட படத்தை அம்மா அனுப்பினவா. அறைக்குள்ள இருக்கேலாமப் போச்சு. வந்து ஹெட்டைப் பூட்டினன்."

டில்ஷாவின் விரல்கள் நின்றன.

"கார்ப்பரேட்டர்?"

"உங்களுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்த கிழமை."

"கியர்பெட்டி?"

"விசா இல்லையெண்டு கடிதம் வந்தவுடன."

அவள் மெதுவாகக் கேட்டாள். "பிரேக்?"

"அது ஒண்டுக்குமில்லை. பழைய பிரேக் இந்த எஞ்சினைப் பிடிச்சு நிப்பாட்டாது."

டில்ஷா சிரித்துவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்தபின் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"இருநூறு குதிரைவலுவை முந்நூற்றி நாப்பது ஆக்கியிருக்கிறீங்கள். இவ்வளவு வேகம் எதுக்கு?"

"வேகத்துக்கில்லை, பிள்ளை. கார் வேலை முடிஞ்சிட்டால் லீவு நாளில என்ன செய்யிறது? அதால திரும்பத் திரும்பக் கழட்டினன்."

அவள் மடிக்கணினியை மூடினாள். "ஒருக்கா ஓடிக் காட்டுங்கோ."

இருவரும் ஒரே கதவடியில் போய் முட்டிக்கொண்டார்கள். அமெரிக்கக் காருக்கு ஸ்ரியரிங் இடப்பக்கம் என்பது அவளுக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் ஏறியதும் பொனிபஸ் அக்சிலரேற்றரை அழுத்தினார். முதுகு இருக்கையோடு ஒட்ட, "அப்பா!" என்று கத்தினாள் டில்ஷா. பயத்தில் பாதி, சந்தோசத்தில் பாதி. வீட்டுக்கு வந்து, அந்தச் சத்தத்தைத் தாய்க்கு வாயாலேயே செய்து காட்டினாள்.

விளம்பரம் போன நாலாம் நாள் ஹெலன் என்ற ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி ஜீலோங்கிலிருந்து வந்தார். காருக்குக் கீழே படுத்துக்கூடப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது. ஒன்றுதான் விளங்கவில்லை.

"இவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டு ஏன் விற்கிறீர்கள்?"

பொனிபஸ் ஆங்கிலச் சொற்களைத் தேடினார். டில்ஷா முந்திக்கொண்டாள்.

"நாங்கள் வந்துவிட்டோம். இனி அவருக்கு நேரமில்லை."

ஹெலன் தகப்பனையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். பொனெற்றை இரண்டு கையாலும் மெதுவாக மூடினார். விலையைக் குறைத்துக் கேட்கவேயில்லை.

அடுத்த வியாழன் கார் போனது. தெருமுனையில் திரும்பிய பிறகும் அதன் சத்தத்தைக் கேட்டபடி பொனிபஸ் வாசலிலேயே நின்றார். அஞ்சலீனா பக்கத்தில் வந்தாள்.

"அழுறீங்களோ?"

"இல்லை. மூண்டாம் கியரை அந்த மனுசி கொஞ்சம் முந்தி மாத்துறா."

அஞ்சலீனா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னாரில் தெருவில் வைத்துப் பிடித்திருக்கமாட்டாள்.