சோறு தீனியில்லை

1. அசை நின்ற மாடு

கால்நடை மருத்துவமனைக்கு வருகிறவர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சின்னப்பன் வெறுங்கையோடு வந்தார்.

"செவலை எந்திரிக்க மாட்டேங்குதுங்க. நீங்கதான் வூட்டுக்கு வரணும். சினைமாடுங்க."

அறுபதுகளின் கடைசி. படிப்பு முடித்துப் பென்னாகரத்தில் டாக்டராகச் சேர்ந்த முதல் வருஷம். நான் காவிரிக் கடைமடைக்காரன். ஒகேனக்கல்லில் விழுகிற தண்ணீராவது எப்படியும் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், எனக்குத்தான் லீவு கிடைக்கவில்லை என்று அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சின்னப்பனோடு நடந்தேன்.

தொழுவத்தில் செவலை படுத்துக் கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவி மரியம்மா முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தார். மாட்டின் இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் விரலை அமுக்கினேன். பிசைந்த மாவில் பதிவதுபோலக் குழி விழுந்து அப்படியே நின்றது. மாடு பல்லை நறநறவென்று கடித்தது.

"அசை போடுதா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து இல்லீங்க."

"தீனி என்ன போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதாங்க. ராகித்தட்டு."

"கொழுந்துச் சோளம், கடலைக்கொடி, புண்ணாக்கு, ஏதாவது புதுசா?"

"புண்ணாக்குக்கு நாங்க எங்கீங்க போறது? தீனி ஒண்ணும் மாத்தலீங்க."

சின்னப்பனும் சேர்ந்துகொண்டார். "அவ கோயிலுக்குப் போறவளுங்க. பொய் சொல்ல மாட்டா."

கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்குமோ என்று யோசித்தேன். அதற்குள் மாடு கழிந்தது. தண்ணீராய்ப் போன சாணத்தில் புளித்த கஞ்சி வாடை. குச்சியால் கிளறினேன். வெள்ளை வெள்ளையாய்ப் பருக்கைகள்.

"சோறு போட்டீங்களா?"

"போட்டங்க. ஒரு குண்டான் சோறு. நீங்க தீனிதானுங்களே கேட்டீங்க?" என்றார் மரியம்மா.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. தீனி மாட்டுக்கு, சோறு மனிதருக்கு. அதிலும் அந்தப் பக்கம் அன்றாடம் ராகிக்களிதான். நெல்லுச்சோறு திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வடிப்பது. எங்கள் ஊர் போலத் தினம் மூன்று வேளை பார்க்கிற பொருளல்ல அது.

இரண்டு நாளுக்கு முன்னால் மாதா கோயில் திருவிழா. கன்னடச் சீமையில் வாழ்க்கைப்பட்ட மகள் லூர்து புருஷனோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமான பிறகு அவள் வரவே இல்லை. மரியம்மா அரிசி வாங்கிக் குண்டான் நிறைய வடித்துவிட்டு ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்திருக்கிறார். கடைசி பஸ்ஸிலும் மகள் இறங்கவில்லை.

"அவ திங்க வேண்டிய சோறுங்க. நாய்க்கா கொட்டறது? தாயில்லாக் கன்னா இருந்த இத கையில பால் ஊத்தி வளத்தவ அவதான். கன்னு போட்டா அவ வூட்டுக்கே ஓட்டி வுடறதாப் பேச்சு. அவ தின்னா என்ன, இது தின்னா என்னன்னு அள்ளி அள்ளிப் போட்டங்க. ஆசையாத் தின்னுச்சு." என்றார்.

ஆசையாகத்தான் தின்னும். அதுதான் ஆபத்து. மாட்டின் முதல் வயிறு ஒரு புளிக்கிற பானை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதற்குள் இருந்துகொண்டு தட்டையும் புல்லையும் மெல்லப் புளிக்கவைத்து மாட்டுக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. பழகின தீனிக்குத்தான் அவை வேலை செய்யும். திடீரென்று சோறு வந்து குவிந்தால் உள்ளே எல்லாம் அமிலமாகிவிடும். அசை நிற்கும். அமிலம் ரத்தத்தில் ஏறினால் தாயும் போகும், வயிற்றில் இருக்கும் கன்றும் போகும்.

"பொழைக்குங்களா?" என்றார் மரியம்மா. "இதுவும் போயிட்டா அவ பேரச் சொல்ல இந்த வூட்ல என்னங்க இருக்குது?"

சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் மூங்கில் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். சலைன் பாட்டிலை விட்டத்தில் கட்டிக் கழுத்து நரம்பில் ஏற்றினேன். செத்துப்போன கிருமிக்குப் பதில் உயிருள்ளது வேண்டுமே. அடுத்த வீட்டு எருது நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குள் கைவிட்டு, உயிருள்ள கிருமி நிறைந்த அசையுருண்டையை வழித்தெடுத்து வந்து செவலையின் தொண்டையில் தள்ளினேன்.

"வாயில இருக்கறதையே புடுங்கறீங்களே டாக்டரு, எருது கோர்ட்டுக்குப் போவப்போவுது!" என்றார் எருதுக்காரர். அந்த நிலையிலும் மரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

2. வராத ஆள்

காலையில் போய்ப் பார்ப்பேன், மருந்து கொடுப்பேன், திரும்புவேன். மாடு எழுந்து நின்றது, தண்ணீர் குடித்தது, ஆனால் அசை வரவில்லை. அசை வராத மாட்டை நம்ப முடியாது. ஒருநாள் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே மரியம்மா உதட்டில் விரல் வைத்தார். உள்ளே செவலையின் தாடை பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் நின்று அசை போடும் சத்தத்தைக் கேட்டோம்.

"இனிமே சோறு காட்டக் கூடாது, ஆத்தா. தட்டுதான். எதை மாத்தினாலும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்" என்றேன்.

"சரீங்க. ஆனா அவ திரும்பியும் வரேன்னு சொல்லி அனுப்புவா. நானும் வடிப்பேன். அவ வராம போனா அந்தச் சோத்த என்னங்க பண்றது?"

நான் படித்த படிப்பில் அதற்கு மருந்தில்லை. "ஆளனுப்புங்க, நான் வந்து சாப்பிடறேன்" என்றேன். ஒப்புக்குச் சொன்னதல்ல. எங்கள் அம்மாவும் ஊரில் எனக்காக வடித்துவிட்டு யாருக்குப் போட்டுக்கொண்டிருந்தாளோ.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். 'என்ன தீனி போட்டீர்கள்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'வீட்டில் என்ன விசேஷம், யார் வந்தார்கள், யார் வரவில்லை' என்றும் கேளுங்கள். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மறுநாள் வயிறு உப்பி வந்த எத்தனையோ மாடுகள் அந்தக் கேள்வியால் பிழைத்தன.

மரியம்மா சொன்னபடி ஆளனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு அனுப்பினார், ஈஸ்டருக்கு அனுப்பினார். நான் வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை ஆள் வந்து நிற்கும்போதும் மகள் வரவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு பண்டிகை வந்தால் ஆள் வரக் கூடாதே என்று நினைக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வருஷத் திருவிழாவன்று ஆஸ்பத்திரி வாசலில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். ஆள் வரவில்லை. பொழுது சாய்ந்தும் வரவில்லை. மெஸ்ஸில் போய் ஆறிப்போன களியைச் சந்தோஷமாகத் தின்றுவிட்டு, ஊருக்குப் போக லீவு கேட்டு எழுத உட்கார்ந்தேன்.