நான்கு டயருக்கு மட்டும் இடம்

எங்கள் வண்டியின் பின்னிருக்கையை மடக்கினால் நான்கு சக்கரங்கள் போகும். ஐந்தாவது போகாது. அன்று வாசலில் இருந்தவை எட்டு. சாஃப்ட் நான்கு, மீடியம் நான்கு. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான கோரமண்டல் குவார்ட்டர்ஸின் பனியில் நனைந்தபடி, சர்ச்சில் திடப்படுத்தல் ஆராதனைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி சுவரோரமாய்ச் சாய்ந்திருந்தன.

என் மனைவி பந்தயப் பாதையில் கார் ஓட்டுகிறவள். வாரம் முழுக்க பெங்களூர் ரயிலில் நின்றபடியே வேலைக்குப் போய்வரும் அவள், ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்ததும் வேறொருத்தி ஆகிவிடுவாள். எனக்கு ஓட்ட வராது. பக்கத்தில் உட்காருவேன், தண்ணீர் பாட்டில் பிடிப்பேன், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் திரும்பி வரும் சத்தத்துக்குக் காது கொடுப்பேன்.

அவள் சேர்ந்து ஓட்டும் குழுவின் பந்தய அணியில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அதற்கு இரண்டு பேர். இவளும், இவள் வயதில் பாதியுள்ள ஒரு பெண்ணும். சென்னைப் பக்கத்துப் பாதையில் பிற்பகல் அரைமணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரே ஒரு சுற்றில் பறந்தால் போதாது, கடைசிச் சுற்றும் முதல் சுற்றைப் போலிருக்க வேண்டும். இன்னொரு தரம் கூப்பிடுவார்களா என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஏற்கெனவே துடைத்த டயரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாஃப்ட் ரப்பர் சட்டென்று சூடேறும், தாரைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். மீடியம் சூடேறத் தாமதிக்கும், ஏறிவிட்டால் நின்று உழைக்கும். பெங்களூர்ப் பக்கத்துச் சின்னப் பாதையில் ஒரு குளிர்ந்த காலையில் அந்த மீடியம் சூடாவதற்குள் வண்டி வழுக்கிப் புல்லில் போய் நின்றிருந்தது. அந்தப் பயம் அவள் கையிலேயே இருந்தது.

"இன்னாங்க, சொல்லுங்க. சாஃப்ட்டா, மீடியமா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுங்கறதையாவது கொஞ்சம் தைரியமா சொல்லுங்களேன்."

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுப் பெண் நின்றாள். "இன்னாக்கா, இன்னைக்கும் கோயிலுக்கு டிமிக்கியா? விடிஞ்சும் விடியாம புருசனும் பொஞ்சாதியும் டயரைக் கொஞ்சினு கீறீங்க."

"எத எடுத்துனு போறதுன்னு தெரியலம்மா."

"புது வருசத்துக்கு கோயில்ல வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கற மாதிரி கண்ண மூடினு எடுங்க. எல்லாம் ரவுண்டாத்தானே கீது!"

என் மனைவி சிரித்தாள். பிறகு மீடியத்தில் நகத்தை அழுத்தினாள். இறங்கவில்லை. சாஃப்ட்டில் அழுத்தினாள். பிறை போல ஒரு தடம் விழுந்தது.

"அது கல்லு மாதிரி கீது. இதையே போட்டுக்கலாம்."

சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து சாம்பல் நிறக் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஸ்வெட்டர் போட்டிருந்தோம். நான்கு சாஃப்ட்டையும் தூக்கி ஏற்றினேன். மீடியத்தை உருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். என்ன ஒரு நிம்மதி, ஒன்றைத் தேர்ந்து முடித்த பிறகு வருவது! அது பெரும்பாலும் தேர்ந்ததைப் பற்றியதல்ல, முடித்ததைப் பற்றியது.

வி. கோட்டா தாண்டிப் பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கினோம். முதல் வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அடுத்தடுத்த வளைவுகளில் கண்ணாடியை இறக்கினேன், வெந்நீர் ஆவி போல ஒன்று முகத்தில் அறைய, மறுபடி ஏற்றினேன். மலையடியில் அவள் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்து, குனிந்து, தாரில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"நாம குளிருல நின்னுனு முடிவு பண்ணிட்டோங்க. இந்தச் சூட்டுக்கு சாஃப்ட்டு நிக்காது."

கீழே போகப் போகச் சூடு. எங்கள் ஊரில் இதைத் தெரியாதவர் யார்? என் அப்பாவும் அவள் அப்பாவும் சுரங்கக் கூண்டான கேஜில் இறங்கியவர்கள். ஒவ்வொரு லெவலுக்கும் பாறை இன்னும் கொஞ்சம் கொதிக்கும் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டவர்கள். ஷிஃப்ட் முடிந்து பூட்ஸைக் கவிழ்த்தால் வேர்வை கொட்டும். அந்தச் சூட்டின் கூலியில் படித்து வளர்ந்த நாங்கள், மேட்டில் நின்று, ஸ்வெட்டருக்குள்ளிருந்து, பள்ளத்துக்கு டயர் தேர்ந்திருந்தோம்.

"திரும்பிப் போயி எடுத்துனு வந்துடலாமா?" என்றேன்.

"வர்றதுக்குள்ள நம்ம பேரக் கூப்பிட்டு முடிச்சிருப்பாங்க. இந்த ரோட்டு டயரப் போட்டுனு அங்க ஓட்ட விட மாட்டாங்க."

"மேகம் கட்டலாம். சாயங்காலம் கொஞ்சம் காத்து..."

"கவித சொல்லாதீங்க." கியரைப் போட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்களுக்கு முன்பே தெரிந்தது. தெரிந்தே போவதற்குத்தான் அவ்வளவு நீளமான சாலை.

பந்தயப் பாதையில் வெயில் தண்ணீர் போலப் பரவியிருந்தது. முதல் சுற்றுகளில் அவள் பறந்தாள். வளைவுக்குள் வண்டி தைத்தது போல ஒட்டிக்கொண்டு போயிற்று. அந்தச் சின்னப் பெண் மீடியத்தில் பின்தங்கியிருந்தாள். எனக்குள் ஒரு மடத்தனமான நம்பிக்கை எழுந்தது. இன்று ஒருநாள் ரப்பர் தன் குணத்தை மறந்துவிடாதா?

மறக்கவில்லை. பின்பக்கம் மெல்ல அலையத் தொடங்கியது. முந்தைய சுற்றைவிடச் சற்று முன்பாகவே அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது சத்தத்தில் கேட்டது. அடுத்த சுற்றில் இன்னும் முன்பாக. தேய்ந்த ரப்பர் துணுக்குகள் வளைவின் வெளிப்புறத்தில் கறுப்புச் சோறு போலச் சிதறிக் கிடந்தன. வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கை காட்டி உள்ளே அழைக்கலாம். அழைத்து? மாற்றிப் போட எதுவும் இல்லை. பாட்டிலில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சின்னப் பெண் ஒரே சீராக, கடிகாரம் போல வந்தாள், போனாள், வந்தாள். என் மனைவி நிறுத்தவில்லை. காய்ச்சல் குழந்தையை இடுப்பில் வைத்து நடப்பவள் போல அந்த வண்டியைக் கடைசிவரை நடத்திக்கொண்டு வந்தாள்.

இடம் அந்தப் பெண்ணுக்குப் போயிற்று. இவளே போய் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நல்லா ஓட்டினம்மா" என்றாள். பிறகு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, காலுறையை முறுக்கிப் பிழிந்தாள். தரையில் சொட்டிய வேர்வை விழுந்த இடத்திலேயே காய்ந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

திரும்பும்போது மலையேறினோம். வளைவுக்கு வளைவு குளிர் வந்து காதைத் தொட்டது. வி. கோட்டாவில் டீ குடிக்கையில் அவள் கேட்டாள்.

"முன்சீட்டக் கழட்டினா இன்னொரு நாலு போவும், தெரியுமா?"

அந்த இருக்கையை எனக்குத் தெரியும். போகும்போதும் வரும்போதும் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப நானு?"

"அடுத்த வாட்டி நீங்க பஸ்ஸுல வாங்க" என்றாள். சிரித்தாள். அடுத்த வாட்டி என்று ஒன்று இருக்கிறதா, தெரியாது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். கதவுக்குப் பின்னால் நான்கு மீடியமும் கல்லு மாதிரி குளிர்ந்திருந்தன.