சன்னல் தேர்ச்சி பெறவில்லை

வேலை செய்தவரே தம் வேலைக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதே சோதனைப் பணியின் முதல் விதி. பிறர் வேலையில் குறை கண்டு பகை தேடிக்கொண்ட அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளில், சேந்தமங்கலத்தை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளியில் சன்னல்களின் பழைய சிவப்புப் பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்தார்கள். அதில் ஈயம் இருக்கிறது, செதில்களைப் பிள்ளைகள் வாயில் போடுகிறார்கள் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தூசி அறவே நீங்கியதா என்று பார்த்துக் கையொப்பமிட, வேற்றூர் ஆசிரியையான என்னை அனுப்பினார்கள். ஆய்வுக்கூடம் எட்டாத தொலைவு. ஈரமாக்கிய வெள்ளைத் துணியே என் கருவி. துணியில் நிறம் ஏறினால் தேர்ச்சி இல்லை. நான் கையொப்பமிடும்வரை ஒன்றாம் வகுப்புக்கு வேப்பமரத்தடிதான். கொல்லிமலைப் பக்கமோ மேகம் திரண்டுகொண்டிருந்தது.

மெழுகிய தரை

பெயிண்ட் மேஸ்திரி பெருமிதத்தோடு கதவைத் திறந்தார். தரை பச்சையாக மின்னியது. சுரண்டிய தூசியைக் கூட்டி அள்ளாமல், அதன்மேலேயே சாணி கரைத்து மெழுகியிருந்தார்! நகத்தால் கீறினேன், சாணிப் பற்றோடு சிவப்புச் செதில்களும் பெயர்ந்து வந்தன. தேர்ச்சி இல்லை என்றேன். மேஸ்திரிக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏனுங்க டீச்சர், சாணி போட்டு மெழுகுனதுக்கு மேல சுத்தம் ஏதுங்க? சாமியே வந்து உக்காருமுங்க!"

சன்னலுக்குப் பூசை

மறுவாரம் தரை பழுதில்லை. ஆனால் வேலை முடிந்த மகிழ்ச்சியில் மேஸ்திரி எலுமிச்சம்பழம் அறுத்து, சன்னலுக்குச் சன்னல் குங்குமம் அப்பியிருந்தார். துடைத்த துணி சிவந்தது. குங்குமமா, பெயிண்ட்டா? என்னாலும் சொல்ல இயலவில்லை. ஐயம் இருக்கும் விடைக்கு நான் என்றுமே மதிப்பெண் இட்டதில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் தலைமையாசிரியர் அறைக்குள் புகுந்தார்கள். அவர் கைகூப்பினார்.

"அம்மா, எம்மேசை மேலயே நாலு பேரு உக்காந்திருக்குதுங்க. குங்குமம்னே வெச்சுக்கிட்டு ஒரு கையெழுத்தப் போட்டுருங்க!"

நான் போடவில்லை.

மூன்றாம் முறை

இம்முறை அருகிலேயே நின்று, சோப்புத் தண்ணீரால் சன்னல்களைக் கழுவச் செய்தேன். துணி வெள்ளையாகவே மீண்டது. கையொப்பமிட்டேன். பிள்ளைகள் ஓடிவந்தார்கள், முதலில் வந்த சிறுமி நேரே சன்னல் கம்பியில் வாயை வைத்தாள். எல்லோரும் சிரித்தோம், மேஸ்திரியைத் தவிர. என்னைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரம்மா, அந்தத் துணியோட ஒரு எட்டு எங்கூட்டுக்கு வாரீங்களா? முன்ன இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செவப்பு அடிச்சப்ப மிச்சமான பெயிண்ட்டத்தான் எங்கூட்டுச் சன்னலுக்கு அடிச்சேனுங்க. எம்புள்ளைக்கு இப்பத்தான் பல்லு மொளைக்குதுங்க."

போதும் என்று நான் சொன்ன பிறகும் சுரண்டிய சன்னலை விடாமல் கழுவிய மேஸ்திரியை என் பணிக்காலம் முழுவதிலும் அந்த ஒரு வீட்டில்தான் கண்டேன்.