கம்பி இல்லாத ஜன்னல்

என் மாமனாருக்கு ஊரில் ‘ஜன்னல்’ என்று பேர். அது அவருக்கும் தெரியும். கேலி என்று புரியாமல் அதைப் பட்டம் போலச் சுமந்துகொண்டு திரிகிறார். நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவர். யார் வீட்டு வரைபடம் மேசைக்கு வந்தாலும் சிவப்பு மையில் ‘ஜன்னல் போதாது’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். வந்தவர் விவரம் தெரிந்தவராக இருந்து மேசைக்கு அடியில் கையை நீட்டிவிட்டுப் போனால், அதே வரைபடத்தில் அதே ஜன்னல்கள் மறுநாள் போதுமானவை ஆகிவிடும். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். மாலைக்கும் யாரோ ஒரு காண்டிராக்டர்தான் காசு கொடுத்தார் என்று கேள்வி.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தன் வீட்டை எப்படிக் கட்டினார் என்று பாருங்கள். வீட்டுக்கடன் வட்டியைக் குறைத்தால் வீடில்லாதவர்களுக்கு வீடு கிடைக்கும் என்று ஒரு வருஷம் பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். வட்டி குறைந்தது. ஏற்கெனவே வீடு வைத்திருந்த எங்களுக்கு மேலே ஒரு மாடி வந்தது. மாடி என்று சொல்வது மரியாதைக்காக. நாலு சுவர், மேலே சிமெண்ட் ஷீட், ஒரு கதவு. ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் அந்த இடத்தில் செங்கல் மிச்சம், ஆனால் சட்டம், பலகை, கம்பி எல்லாம் செலவு என்று கணக்குப் பார்த்தவர் அவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷன், காற்றை மட்டும் சும்மா விடுவாரா?

அந்த அறைக்கு ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் குடிவந்தார்கள். அவள் கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுக்கிறவள். மிஷினை மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டுச் சுவரில் இடிக்காமல் ஏற்றச் சொல்லி மாமா கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். கொத்தனார் அமைதியான ஆள். வெயிலில் நின்று ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டு, சாயங்காலம் அந்த அடுப்புக்குள் வந்து படுப்பார்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எனக்குக் காலண்டர் தேவையில்லை. உப்புக்கரைசல் பொட்டலம் தீர்ந்துபோனால் கோடை, காய்ச்சல் மாத்திரை தீர்ந்துபோனால் மழை. சில வருஷமாகப் பொட்டலம் சீக்கிரமே தீர ஆரம்பித்தது. அப்படி ஒரு கோடையில் கொத்தனார் சாரத்திலேயே மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் பாதி போய்விட்டது என்றார்கள். வருஷக்கணக்காகக் கொளுத்தும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேலை செய்தால் அப்படித்தான் ஆகுமாம். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் மனைவி என்னிடம்தான் கொண்டு வந்தாள். மாத்திரைகளுக்குக் கீழே, ‘வெயிலில் வேலை கூடாது, குளிர்ச்சியான காற்றோட்டமான அறையில் இருக்கவும்’ என்று எழுதியிருந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். கடைசி வரியை எந்த அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

நம் பேச்சில் புருஷனுக்கும் வீட்டுச் சொந்தக்காரனுக்கும் ஒரே பேர்தான், வீட்டுக்காரர். தையல்காரிக்கு ஒரு வீட்டுக்காரரைப் பிழைக்க வைக்க இன்னொரு வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரே ஒரு ஜன்னல் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். கூலி வேண்டாம், அவரே மெதுவாக வேலை செய்துகொள்வார் என்றாள். மாமா யோசிப்பதாகச் சொன்னார். அவர் யோசிப்பது என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

ஆனால் அந்த வருஷம் அரசாங்கமும் யோசித்திருந்தது. வெயிலில் ஜனங்கள் செத்துப்போகிறார்கள் என்று யாரோ மேலே எழுதிப் போட, வீடுகளைக் குளிர வைக்க மானியம் என்று அறிவித்தார்கள். கூரைக்கு வெள்ளை வர்ணம், அறைக்கு ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பியும் கொசுவலையும். பணம் வீட்டுச் சொந்தக்காரர் கையில். உள்ளே வேகிறவர் கையில் அல்ல. மானியம் வாங்கிய பிறகு வாடகையை ஏற்றக் கூடாது என்று ஒரு வரி அதில் இல்லை. எழுதியவர்களும் சொந்த வீடு வைத்திருப்பவர்கள்தானே, கை எப்படி வரும்?

மாமா முதல் ஆளாகப் போய் மனுக் கொடுத்தார். மாடி அறைச் சுவரில் ஓட்டை போட வேண்டியது முதல் வேலை. அதைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பணம் வரும். கொத்தனார் நோயோடு உட்கார்ந்து உட்கார்ந்து சுவரை உடைத்தார். அன்று மாலை அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்து, தைத்து அடுக்கியிருந்த காலர்கள் எல்லாம் அறை முழுக்கப் பறந்தன. தையல்காரி சிரித்துக்கொண்டே பொறுக்கினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் தவணை வந்தது. மாமா இரும்புக் கடைக்குப் போய்க் கம்பிக்கு விலை கேட்டுவிட்டுப் பேயறைந்த முகத்தோடு திரும்பி வந்தார். மறுநாள் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையிலிருந்து பச்சை வர்ணம் உரிந்த இரண்டு பலகைக் கதவுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவற்றைத் தெருப் பக்கம் பொருத்தச் சொன்னார். பிறகு உள்பக்கம் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னார். கொத்தனார் புரியாமல் பார்த்தார்.

“கம்பி இல்லாத ஜன்னல். திறந்து வெச்சா திருடன் வருவான்” என்றார் மாமா.

திருடன் வெளியிலிருந்துதான் வர வேண்டுமா என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. என் புருஷன் முகத்தைப் பார்த்தேன். அவர் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. தட்டியிருந்தால் சத்தமாவது கேட்டிருக்கும். அந்த மாத வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம் என்று மாமா பெரிய மனசு பண்ண, தனக்கு வர வேண்டிய காற்றைக் கொத்தனார் தன் கையாலேயே அடைத்தார். மேலே சுண்ணாம்பு பூசி, ஒரு காலண்டரையும் மாட்டி வைத்தார்.

இரண்டாம் தவணைக்கு அதிகாரி வந்தார். வெப்பத்தடுப்புத் திட்ட அதிகாரி. வெயில் அதிகமாக இருப்பதால் மாடி ஏற முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தெருவில் குடையைப் பிடித்துக்கொண்டு பச்சைக் கதவுகளைப் படம் எடுத்தார். கூரை வெள்ளையாக இருக்கிறதா என்று கேட்டார். மாமா இருக்கிறது என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற அந்த ஆள், குளிர்ந்த தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். கூரையில் இருந்தது வர்ணம் இல்லை, மிச்சமான சுண்ணாம்பு. முதல் தூறலிலேயே கரைந்து வாசல் சுவரில் வழிந்தது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். எங்கள் மாமாவுக்கு அதுவும் போதவில்லை. ஜன்னல் உள்ள வீடு, குளிர்ந்த வீடு, மானியம் பெற்ற வீடு என்று காரணம் சொல்லி வாடகையை ஏற்றினார். தையல்காரி கீழே வந்து நின்றாள். இல்லாத ஜன்னலுக்கு எப்படி வாடகை கேட்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னாள், அவ்வளவுதான். நான் குறுக்கே புகுந்து, உடம்பு முடியாத மனுஷனை இந்த வெயிலில் எங்கே அனுப்புவது என்றேன். மாத்திரை எண்ணுகிற வேலையைப் பார்க்கச் சொன்னார் மாமா.

அவர்கள் பள்ளத்துக்குக் குடிபோனார்கள். கால்வாயை ஒட்டி மழைத் தண்ணீர் தேங்குவதற்காக விட்டிருந்த இடம் அது. வளர்ச்சி வேண்டும் என்று அதில் அரைகுறையாக மண் கொட்டி, மனை போட்டு, வரிசையாக அறைகள் கட்டினார்கள். அந்தக் கோப்பும் ஒரு காலத்தில் மாமா மேசை வழியாகத்தான் போனது. அந்த முறை சிவப்பு மையே தேவைப்படவில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாடகை குறைவு என்பதால் ஊரில் முடியாதவர்கள் எல்லோரும் அங்கேதான் போய்ச் சேர்வார்கள்.

மாடி அறை காலியாகக் கிடந்தது. மாமா கேட்ட வாடகைக்கு ஒருவரும் வரவில்லை. வந்து பார்த்தவர்கள் கதவைத் திறந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

மழை வந்தது. சும்மா வரவில்லை, ஒரு பருவத்துக்கான மழை ஒரே வாரத்தில் கொட்டியது. பள்ளம் நிறைந்த பிறகு தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் எங்கள் தெருவுக்கும் வந்தது. எங்கள் கட்டிலுக்கு அடியில் சாக்கடைத் தண்ணீர் நின்றது. மூட்டை முடிச்சோடு மூன்று பேரும் மாடி அறைக்கு ஏறினோம். தண்ணீர் வடிந்ததும் நானும் என் புருஷனும் கீழே இறங்கிக் கழுவித் துடைத்தோம். சுவரெல்லாம் ஈரம், மாமாவுக்கு இருமல். அதனால் அவர் மட்டும் மாடியிலேயே தங்கினார். மழை விட்டதும் வெயில் முன்னைவிடக் கொடூரமாக அடித்தது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. மாமா பனியனைக் கழற்றிவிட்டு, பழைய பேப்பரால் விசிறிக்கொண்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார். அதிலும் வாய் ஓயாது. அரசாங்கம் சரியில்லை, மின்சார வாரியம் சரியில்லை, வெயில் சரியில்லை.

கடையில் காய்ச்சல் மாத்திரை தீர்ந்து, மறுபடி வாங்கி, மறுபடி தீர்ந்தது. அந்த நெரிசலில் ஒரு நாள் தையல்காரி வந்து நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அக்கா, இதெல்லாம் திருப்பி எடுத்துக்குவீங்களா? பிரிக்கவே இல்ல.”

மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். அட்டை பிரிக்காமல் திரும்பி வந்தால், விழுங்க வேண்டியவர் இல்லை என்று அர்த்தம். இடுப்பளவுத் தண்ணீர் வடிந்த பிறகு பள்ளத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சலாம். மற்றவர்கள் படுத்து எழுந்தார்களாம். அவருக்குப் பாதிச் சிறுநீரகம்தானே, எழுந்திருக்க முடியவில்லை. மிஷினும் தண்ணீரில் போய்விட்டது. அவள் அழாமல் சொன்னாள். எனக்குத்தான் அட்டைகளைப் பார்த்து அழுகை வந்தது. முதலாளி பார்க்காத நேரத்தில் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

மாடிக்கு யாராவது குடிவந்தார்களா என்று கேட்டாள். மாமாதான் இருக்கிறார், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார் என்றேன். அவள் நான் கொடுத்த பணத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அந்தக் காலண்டருக்குப் பின்னாடி நாலு கல்லு சும்மாதான் இருக்கு அக்கா. கலவை வைக்காம அடுக்கி, மேல சுண்ணாம்பு மட்டும் பூசினார். மத்தியானம் வெயில் ஏறினா எடுத்துடுவார். பலகைக் கதவைக் கொஞ்சமா தள்ளிட்டு, அங்கேயே முகத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். ஐயா படியேறுற சத்தம் கேட்டா திருப்பி அடுக்கிடுவார்.” படியிறங்கப் போனவள் திரும்பிச் சொன்னாள். “பெரியவருக்கு மூச்சு முட்டுதுன்னா எடுத்து விடுங்க, பாவம்.”

பாவமாம். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க எனக்குக் கூசியது. அந்த மனுஷன் திருடனைப் போல ஒளிந்து ஒளிந்து மூச்சு விட்டிருக்கிறார், எங்கள் வீட்டில், என் தலைக்கு மேலே.

வீட்டுக்குப் போனதும் நேராக மாடி ஏறினேன். மாமா நாய் மாதிரி மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். காலண்டரை எடுத்தேன். விரலால் சுரண்டியதும் விளிம்பில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு உதிர்ந்தது. கல் பல் விழுவதைப் போல இலேசாக வந்தது. நாலையும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டுக் கையை விட்டுப் பலகையைத் தள்ளினேன். காற்று வந்தது. மாமா தலையைத் தூக்கி, கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார். முகம் தெளிந்தது. கொத்தனாருக்கும் இப்படித்தான் தெளிந்திருக்கும். அவர் போய்விட்டார் என்ற செய்தியைச் சொன்னேன்.

மாமா கேட்டுக்கொண்டார். ‘ம்’ என்றார். பிறகு அந்த ஓட்டையைப் பார்த்துச் சொன்னார்.

“காத்து எப்படி வருது பாத்தியா? நான் வெச்ச ஜன்னல்.”

நான் குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். இரண்டாவதை வைத்தேன். மூன்றாவதை வைக்கும்போது அவருக்கு விஷயம் புரிந்து, எதுக்கு மூடுற என்று பதறினார். நாலாவது கல்லையும் வைத்து, காலண்டரை மாட்டினேன்.

“கம்பி இல்லாத ஜன்னல் மாமா, திருடன் வருவான்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.