தம்பி சொல்லி முடிக்காத அந்த முதல் நிமிடங்கள்

என் தம்பி போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அத்தனை பெரிய படிப்பு படித்தவனை ‘அவன்’ என்று எழுதுகிறேன். இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு ‘அவர்’ வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தான். அவனுடைய நான்கு வயதில் அம்மா போய்விட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்று, அப்பாவோடு பால்மரம் வெட்டப் போனேன். தம்பி படித்தான். என்ன படிக்கிறான் என்று தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்காத அளவுக்குப் படித்தான். அணுவுக்குள் இருக்கும் கரு, உலகம் உண்டான முதல் சில நிமிடங்கள், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவது அவன் வேலை. அதற்காக வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஓய்வு பெற்றதும் பாச்சாங்கில் என் வீட்டுக்கே வந்துவிட்டான். கோபம் என்பதே கிடையாது. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவும்போதுதான் சொல்வான். அந்தக் கணக்கை எனக்கு விளக்க எத்தனையோ முறை ஆரம்பித்தான். நான் விட்டால்தானே.

“அக்கா, ஆரம்பத்துல எல்லாம் பயங்கர சூடா இருந்துச்சு.”

“மலாக்காவுல இப்ப மட்டும் என்னவாம்?”

சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவான். அந்தச் சிரிப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் அவனே பேச்செடுத்தான்.

“வெட்டுன பால உறையிறதுக்குள்ள எடுத்துடணும்லக்கா? அப்பவும் அப்படித்தான் ஒரு அவசரம். நியூட்ரான்னு ஒண்ணு, தனியா விட்டா கொஞ்ச நேரத்துல அழிஞ்சிரும். அதுக்குள்ள சேர்ந்தாகணும். சேர்ந்தாத்தான்…”

“இரு, இரு. அங்க வேலை வாங்குற மண்டோர் யாரு?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. தாதி ஓடிவந்து ஆக்ஸிஜன் மாட்டி, பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். “நாளைக்குச் சொல்றேன்க்கா” என்றான்.

மறுநாள் பசியாறக் கட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனுடைய மாணவி கவிதா வந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“சேர்ந்தாத்தான் என்னம்மா?”

“சேர்ந்தாத்தான் ஹீலியம் உண்டாகும் பாட்டி. கொஞ்சமா லித்தியமும். அது எவ்ளோன்னு கணக்குப் போட்டா ஒரு அளவு வருது. பழைய நட்சத்திரத்துல பாத்தா அத விட கம்மியாத்தான் இருக்கு. கருவும் கருவும் என்ன வேகத்துல சேரும்னு சார்தான் திருத்தமா போட்டுக் குடுத்தாரு. இன்னிக்கும் நாங்க அததான் எடுக்குறோம்.”

“அப்ப வித்தியாசம் தீந்துருச்சா?”

“இல்ல பாட்டி. தப்பு அந்த எடத்துல இல்லன்னு காட்டிட்டாரு. அதனாலதான் நாங்க வேற எடத்துல தேடுறோம்லா.”

நோட்டில் படம் போட்டாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். நான் ஒரு கேலியும் பேசவில்லை. ஒரு தடவைகூடக் குறுக்கே போகவில்லை.

தம்பியைப் பார்த்துக்கொண்ட தாதிகள், பந்தல் போட்ட பத்து பெரண்டாம் ஊர்ப் பிள்ளைகள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பம், எல்லாருக்கும் கைகூப்புகிறேன். கவிதாவுக்கும்தான். பாவம், நன்றாகத்தான் சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

தம்பி சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.